ஒரே இல்லத்துக்கு ஐந்து நட்சத்திரமும் ஒரு நட்சத்திரமும்: அசிஸ்டட் லிவிங் பற்றி முதியவர்களும் பிள்ளைகளும் சொல்வதை எப்படிப் படிப்பது?

கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர், பேரூர் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒன்றைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். "அப்பாவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்" என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார். அதற்கு நேர் கீழே, "பெல் அடித்தால் ஆள் வருவதில்லை, பில் மட்டும் சரியாக வருகிறது" என்று ஒரு நட்சத்திரம். இடம் ஒன்றுதான், நிர்வாகமும் ஒன்றுதான், பல நேரம் மாதம்கூட ஒன்றுதான். படிக்கிறவர் ஒன்று பணம் கொடுத்து எழுதவைத்தது என்றும், மற்றது யாரோ வயிற்றெரிச்சலில் எழுதியது என்றும் முடிவுகட்டிவிடுகிறார்.

பெரும்பாலும் இரண்டுமே உண்மையாக இருக்கும். இருவரும் பேசுவது வெவ்வேறு சேவையைப் பற்றி. வெவ்வேறு உடல்நிலையில், நாளின் வெவ்வேறு மணி நேரத்தில் பார்த்ததைப் பற்றி. அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் இந்தக் கருத்துகள் நிறையவே சொல்லும். இதற்கான தேவையும் கூடிக்கொண்டேதான் போகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2031இல் அது 18.2 சதவீதமாகும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு.

முதலில் சொற்கள்

'சீனியர் லிவிங்', 'ரிட்டயர்மென்ட் ஹோம்', 'அசிஸ்டட் லிவிங்', 'முதியோர் இல்லம்' என்று நான்கைந்து பெயர்கள் புழங்குகின்றன. விளம்பரங்கள் இவற்றைக் கலந்துகட்டிப் பயன்படுத்துவதுதான் குழப்பத்தின் பாதி. உள்ளே நடப்பதை வைத்துப் பார்த்தால் மூன்று நிலைகள் உண்டு.

1. சுயமாக வாழ்பவர்களுக்கான குடியிருப்பு. சொந்த வில்லா அல்லது ஃபிளாட், பொதுச் சமையலறைச் சாப்பாடு, ஹவுஸ்கீப்பிங், வாசலில் செக்யூரிட்டி, அவசரத்துக்கு ஆம்புலன்ஸ். கோவையில் அதிகம் இருப்பது இந்த வகைதான்.

2. அசிஸ்டட் லிவிங். அன்றாட வேலைகள் சிலவற்றுக்கு இன்னொருவர் கை தேவைப்படுகிற நிலை.

3. முழுநேரப் பராமரிப்பு. படுக்கையோடு இருப்பவர்கள், டிமென்ஷியா (மறதி நோய்) முற்றியவர்கள், மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவர்கள்.

ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைக் கணக்கிட மருத்துவத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1963இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் வெளியிட்டது. குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர்-மலத்தை அடக்குவது, தானாகச் சாப்பிடுவது ஆகிய ஆறு செயல்கள். ஒவ்வொன்றையும் பிறர் உதவியின்றிச் செய்ய முடிந்தால் ஒரு மதிப்பெண். ஆறுக்கு ஆறு என்றால் சுயமாக வாழ்பவர். பெரும்பாலானவர்களுக்கு முதலில் நழுவுவது குளியல், கடைசிவரை நிற்பது சாப்பிடும் திறன்.

இந்த ஆறையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு கருத்துகளுக்குத் திரும்புவோம். ஐந்து நட்சத்திரக்காரரின் அப்பா ஆறு மதிப்பெண் உள்ளவராக இருக்கலாம். காலையில் நடை, பத்து மணிக்குப் பேப்பர், மாலையில் கோயில் பஸ். அவருக்கு அந்த இடம் ஒரு நல்ல ஹோட்டல் மாதிரி. ஒரு நட்சத்திரக்காரரின் அம்மாவுக்கு இரண்டு மதிப்பெண் இருக்கலாம். அவருக்கு அதே இடம் ஒரு சின்ன மருத்துவமனை மாதிரி நடந்தாக வேண்டும். ஹோட்டலாக நடத்தத் தெரிந்த எல்லோருக்கும் மருத்துவமனையாக நடத்தத் தெரியாது.

யார் பேசுகிறார்கள்?

கருத்து சொல்பவர்கள் நான்கு வகை.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ பார்ப்பது ஃபோனில் வரும் முகத்தையும் மாதக் கடைசியில் வரும் பில்லையும்தான். ஆகவே அவர்கள் புகழ்வது தகவல் தொடர்பை: "ஒரு மெயில் போட்டால் உடனே பதில்." திட்டுவது பில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. இணையத்தில் எழுதப்படும் கருத்துகளில் இவர்களுடைய குரல்தான் ஓங்கி ஒலிக்கும், ஏனென்றால் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் இவர்கள்தான்.

ஈரோட்டிலோ திருப்பூரிலோ இருந்து வாரம் ஒருமுறை வந்துபோகும் மகள் பார்ப்பது வேறு. அம்மாவின் நகம் வளர்ந்திருக்கிறதா, புடவை மாற்றியிருக்கிறார்களா, தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறதா. இவர் சொல்வது கறாராக இருக்கும். சில நேரம் அதில் "நம்ம வீட்டில் வைத்துப் பார்த்திருக்கலாமே" என்ற உறுத்தலும் கலந்திருக்கும். அந்த உறுத்தல் கோபமாகி அட்டெண்டர் மேல் இறங்குவதும் உண்டு.

மூன்றாவது, அங்கேயே கூட இருக்கும் கணவனோ மனைவியோ. பகலும் இரவும் பார்ப்பவர் இவர் ஒருவர்தான். இவரிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

நான்காவது, முதியவரே. அவர் எழுதுவதில்லை, கேட்டாலும் முழுதாகச் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் எப்படிப் போகிறது என்று கவனித்தால் புரியும். "எப்படிம்மா இருக்கே?" "நல்லா இருக்கேன்பா. நல்லாப் பாத்துக்கறாங்க. நீ சாப்பிட்டியா? அங்க இப்ப மணி என்ன?" முப்பது விநாடியில் பேச்சு மகன் பக்கம் திரும்பிவிட்டது. இதற்கு மூன்று காரணங்கள். பிள்ளையைக் கவலைப்பட வைக்கக் கூடாது என்பது ஒன்று. குறை சொன்னால் நாளைக்குக் குளிப்பாட்ட வருகிற பெண் முகத்தைக் காட்டுவாளோ என்ற பயம் இரண்டாவது. அந்தப் பெண் அப்படிப்பட்டவராக இல்லாவிட்டாலும் பயம் இருக்கும். மூன்றாவது, ஃபோனைப் பிடித்துக்கொண்டு நிற்பதே அந்தப் பெண்தான்.

மாறாக, எதற்கெடுத்தாலும் புகார் சொல்லும் முதியவர்களும் உண்டு. "என் வளையலை எடுத்துட்டாங்க", "எனக்கு ரெண்டு நாளா சாப்பாடே போடல" என்பவை டிமென்ஷியாவில் அடிக்கடி வரும் பேச்சு. அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது. வளையல் நிஜமாகவே காணாமல் போயிருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் வற்றியதோ, புதிதாக ஆரம்பித்த மாத்திரையோ காரணமாக இருக்கலாம். புகாரின் உள்ளடக்கம் பொய்யாக இருந்தாலும், புகார் வந்ததே ஒரு தகவல்தான்.

முதியவரின் குரலை முறையாகச் சேகரிப்பது எப்படி என்பதற்கு ஆஸ்திரேலியா ஓர் உதாரணம். அங்கே அரசு நிதியில் நடக்கும் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு 2022 டிசம்பர் முதல் நட்சத்திர மதிப்பீடு பொதுவில் வெளியாகிறது. மொத்த மதிப்பெண்ணில் குடியிருப்பவர்களின் அனுபவத்துக்கு 33 சதவீதம், விதிகளைப் பின்பற்றுவதற்கு 30, ஊழியர் நேரத்துக்கு 22, புண், விழுதல் போன்ற தர அளவீடுகளுக்கு 15. இல்லத்தோடு சம்பந்தமில்லாத ஆட்கள் நேரில் உட்கார்ந்து கேட்கிறார்கள். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்பதும் கேள்விகளில் ஒன்று. நம்மூரில் அப்படி எதுவும் கிடையாது. கூகுள் மேப்பின் நட்சத்திரங்கள்தான் அந்த இடத்தை நிரப்புகின்றன, அவற்றைப் போடுவது பெரும்பாலும் பிள்ளைகள்.

சாப்பாடு: எல்லாப் புகாரும் இங்கேதான் தொடங்கும்

எந்த இல்லத்திலும் மெஸ் கமிட்டிக் கூட்டம்தான் சூடான கூட்டம். 'வயதான காலத்தில் நாக்குக்கு அடிமை' என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு விஷயம் பிடிபடவில்லை. நாளின் மற்ற எல்லா முடிவுகளும் கையை விட்டுப் போனவருக்குச் சாப்பாட்டு நேரம் மூன்றுதான் மிச்சம். அதுவும் மணியடித்து வருகிறது.

புகார்கள் எங்கிருந்து வருகின்றன?

1. ஒரே பாத்திரம், பல வாய். இருநூறு பேருக்கு ஒரே சாம்பார். ரத்தக் கொதிப்புக்காரருக்கு உப்பு குறைய வேண்டும், மற்றவருக்கு உப்பில்லாமல் இறங்காது. தஞ்சாவூர்க்காரருக்குச் சாம்பார் தண்ணீர், பாலக்காட்டுக்காரருக்குத் தேங்காய் போதாது. சமையலறை நடுவழியில் நிற்கும். அந்த நடுவழி யாருக்கும் பிடிக்காது.

2. சுவை உணர்வே குறைவது. வயது ஏற ஏற மோப்பமும் சுவையும் மங்கும். சர்க்கரைக்குத் தரப்படும் மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோகச் சுவையைக் கொடுக்கும். "இங்க எதுலயும் ருசியே இல்ல" என்பது சமையல்காரரைப் பற்றிய புகாராக மட்டும் இருக்க வேண்டியதில்லை.

3. தூரம். பொதுச் சமையலறையிலிருந்து வில்லாவுக்கு ஹாட்பேக்கில் போகும் தோசை, மூடிக்குள்ளேயே ஆவி பிடித்து, பிய்த்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். இட்லி தாங்கும், பொங்கல் இறுகும், பூரி அமுங்கிவிடும். டைனிங் ஹாலுக்கு நடந்துபோய்ச் சாப்பிடுகிறவர் "டிஃபன் பிரமாதம்" என்பார். அறைக்கு வரவழைத்துச் சாப்பிடுகிறவர் அதே டிஃபனைத் திட்டுவார். அசிஸ்டட் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கூட்டம்.

4. நேரம். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு முடிந்து, காலை டிஃபன் எட்டு மணிக்கு என்றால் இடையில் பதின்மூன்று மணி நேரம். இன்சுலின் போடுகிறவருக்கு இது வெறும் அசௌகரியம் இல்லை, விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து. ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

5. மென்று விழுங்குவது. பல்செட் தளர்ந்தவருக்குச் சப்பாத்தி வைத்தால் தட்டு அப்படியே திரும்பும். 'சாப்பிட மறுத்தார்' என்று குறிப்பேட்டில் எழுதப்படும்.

ருசி பற்றிய கருத்துகளில் எது நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. எடை பொய் சொல்லாது. ஒரு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதம், அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் அது மருத்துவர் கவனிக்க வேண்டிய இறக்கம். 60 கிலோ இருப்பவர் ஒரே மாதத்தில் 57 ஆனால் அந்த எல்லை வந்துவிட்டது. மாதாமாதம் எடை எடுத்து எழுதி வைக்கிறார்களா என்று கேளுங்கள். எடுப்பதில்லை என்றால் அங்கே சாப்பாடு எப்படி என்பது அந்த நிர்வாகத்துக்கே தெரியாது.

"பெல் அடித்தால் வருவதில்லை": ஆள் கணக்கு

"எங்களிடம் இருபது அட்டெண்டர்கள் இருக்கிறார்கள்" என்று சொன்னால், ஒரு நேரத்தில் எத்தனை பேர்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பணியிடத்தில் வாரம் முழுக்க, பகலும் இரவும் ஓர் ஆள் நிற்க வேண்டுமென்றால் 168 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட், ஆறு நாள் என்றால் ஒருவர் தருவது 48 மணி நேரம். ஆக ஒரு இடத்துக்கு மூன்றரை ஆள். விடுப்பு, காய்ச்சல், தீபாவளி சேர்த்தால் நான்கு. பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஓட்டும் இடங்களில் ஒரு இடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை ஆள். அதாவது சம்பளப் பட்டியலில் இருபது பேர் இருந்தால் எந்த நிமிடத்திலும் தரையில் நிற்பது ஐந்திலிருந்து எட்டுப் பேர். பகலில் கூட்டி இரவில் குறைத்தால் இரவுக்கு மூன்றோ நான்கோ.

இப்போது இரவை மட்டும் எடுப்போம். முப்பது பேர் உள்ள ஒரு பிரிவு, அதில் ஆறு பேர் படுக்கையோடு. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது வழக்கம். இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை நான்கு சுற்று. ஆறு பேருக்கு 24 தடவை. டயப்பர் பார்த்து, மாற்றி, புரட்டி, தலையணை வைக்கத் தடவைக்குப் பத்து நிமிடம் என்றால் 240 நிமிடம், நான்கு மணி நேரம். ஒருவரைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். அந்தப் பிரிவில் இருப்பதே இரண்டு பேர். எட்டு மணி நேர இரவில் பாதி நேரம் இருவருமே ஏதோ ஓர் அறைக்குள் கை நனைந்து நிற்கிறார்கள். அந்நேரம் பதினான்காம் எண் அறையில் பெல் அடித்தால் யாரும் வரமாட்டார்கள். அந்த அறைக்காரர் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு, தானே எழுந்து பாத்ரூமுக்குப் போவார். பல விழுதல்கள் இப்படித்தான் நடக்கின்றன.

ஆகவே "வருவதில்லை" என்ற புகாரைப் படிக்கும்போது அது அட்டெண்டரின் அலட்சியத்தைப் பற்றியதா, ஆள் பற்றாக்குறையைப் பற்றியதா என்று பிரிக்க வேண்டும். பகல் புகார் என்றால் முதலாவதாக இருக்கலாம். இரவுப் புகார்கள் தொடர்ந்து வந்தால் இரண்டாவது. ஓர் அட்டெண்டரை மாற்றிச் சரிசெய்யக்கூடியதில்லை அது.

மொழியும் இதில் சேரும். அட்டெண்டர் வேலைக்கு ஏஜென்சி மூலம் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பலர் கைராசிக்காரர்கள், பொறுமைசாலிகள். ஆனால் டிமென்ஷியா உள்ளவருக்குப் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமும் இந்தியும்தான் பெரும்பாலும் முதலில் கைவிட்டுப் போகும். "மார் அடைக்குது" என்று அவர் தமிழில் சொல்வது புரிய வேண்டும். அடிக்கடி ஆள் மாறுவதும் இதே அளவு கெடுதல். குளிப்பாட்ட மூன்று மாதத்தில் நான்கு புதுமுகம் வந்தால் எந்தப் பாட்டியும் குளிக்க மறுப்பார்.

பணம்: கசப்பு எங்கே சேர்கிறது

மாதக் கட்டணம் அதிகம் என்று சேர்க்கும்போது யாரும் சண்டை போடுவதில்லை. எதிர்பாராததாக வருவதுதான் உறவைக் கெடுக்கிறது.

அடிப்படைக் கட்டணத்தில் அறை, சாப்பாடு, ஹவுஸ்கீப்பிங் அடங்கும். தனி அட்டெண்டர், பிசியோதெரபி, ஆக்சிஜன், மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள், டயப்பர் எல்லாம் தனி. உதாரணத்துக்கு, நாளைக்கு நான்கு டயப்பர் என்றால் மாதம் 120; ஒன்று 40 ரூபாய் என்று வைத்தால் 4,800 ரூபாய் இதற்கு மட்டும். பில்லில் 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று ஒற்றை வரியாக இது வரும்போது, அமெரிக்காவிலிருந்து பார்க்கும் மகனுக்கு அது கொள்ளையாகத் தெரியும்.

இன்னொன்று ஆண்டு உயர்வு. 35,000 ரூபாயில் தொடங்கி ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறினால் ஐந்தாம் ஆண்டு முடிவில் 56,000ஐத் தாண்டும். ஏழாண்டில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. பென்ஷன் அந்த வேகத்தில் ஏறாது. பழைய குடியிருப்பாளர்கள் காட்டமாகப் பேசுவதற்கும் புதியவர்கள் திருப்தியாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

ஜிஎஸ்டியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அரசோ, வருமான வரிச் சட்டப்படி பதிவுபெற்ற அறக்கட்டளையோ நடத்தும் முதியோர் இல்லத்தில், 60 வயதானவருக்கு உணவு, தங்கல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் வரிவிலக்கு என்பது 2018 ஜூலையில் வந்த அறிவிப்பு. தனியார் கம்பெனி நடத்தும் இடத்துக்கு இது பொருந்தாது. "பக்கத்து இல்லத்தில் வரி போடுவதில்லையே" என்ற சந்தேகத்துக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசிகள் மாதப் பராமரிப்புக் கட்டணத்தைத் தராது. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் மருத்துவமனையில் சேர்ந்த செலவுக்குத்தான்.

நிலை மாறும் அந்த மாதம்

கடுமையான கருத்துகளில் பெரும்பாலானவற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரு மாதத்தில் போய் நிற்கும்: நடமாடிக்கொண்டிருந்தவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து திரும்பி வந்த மாதம்.

அதுவரை வில்லாவில் இருந்தவரை அசிஸ்டட் பிளாக்குக்கு மாற்றச் சொல்கிறார்கள். மனைவி வில்லாவில், கணவர் பிளாக்கில். கட்டணம் இரண்டு இடத்துக்கும். சொந்தமாக வாங்கிய வில்லா என்பதால் மெயின்டெனன்ஸ் நிற்காது. சில இடங்களில் "இனி எங்களால் பார்க்க முடியாது, வேறு இடம் பாருங்கள்" என்று கைகழுவிவிடுவதும் உண்டு. கடைசிவரை இங்கேதான் என்று நினைத்து ஊர் வீட்டை விற்றுவிட்டு வந்தவருக்கு அது எப்படி இருக்கும்!

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. மூக்குக் குழாய் உள்ளவரை நர்ஸ் இல்லாத வில்லாவில் வைத்திருப்பது ஆபத்து. பிரச்சினை, இது முன்பே எழுத்தில் பேசப்படாததில். ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை:

1. எந்த நிலை வந்தால் மாற்றுவார்கள், அதை முடிவுசெய்வது யார்: இல்லத்து டாக்டரா, வெளி டாக்டரா?

2. மாறினால் புதுக் கட்டணம் எவ்வளவு, பழைய இடத்தின் கட்டணம் குறையுமா?

3. வெளியேறச் சொல்ல எத்தனை நாள் அவகாசம்?

4. இறந்தாலோ வெளியேறினாலோ டெபாசிட் எத்தனை நாளில், எவ்வளவு பிடித்தம் போக, யார் பெயரில் திரும்பும்? 'அடுத்தவர் குடிவந்த பிறகு' என்று இருந்தால் அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டா?

நான்காவதைப் பற்றிய புகார்கள் முதியவர் காலமான பிறகுதான் எழுதப்படும் என்பதால் எண்ணிக்கையில் குறைவாகத் தெரியும்.

புகார் எங்கே போகும்?

கட்டடம் சொன்னபடி இல்லை, விளம்பரத்தில் காட்டிய மருத்துவமனைக் கட்டடம் எழவே இல்லை என்றால், விலைக்கு விற்கும் பதிவுசெய்த திட்டங்களுக்குத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. குடிவந்த ஐந்தாண்டுக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளை விற்றவர் சரிசெய்ய வேண்டும் என்பது 2016 சட்டம்.

சாம்பாருக்கும் பெல்லுக்கும் அந்த ஆணையம் பயன்படாது. அது சேவைக் குறைபாடு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம்.

2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தைப் பலர் இதற்கு நம்புகிறார்கள். அதன் முக்கியப் பகுதி பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையிலான ஜீவனாம்சம், எழுதிக்கொடுத்த சொத்து பற்றியது. தனியார் இல்லத்தின் பில் தகராறு அதில் தீராது. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுகால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுபவர், சேவை நடத்துபவர், குடியேறுபவர் மூவரும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் அதில் உள்ள உருப்படியான யோசனை. வழிகாட்டுதல் வழிகாட்டுதல்தான், சட்டம் இல்லை. உங்கள் இல்லத்தில் அந்த மூன்றாவது கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கட்டியவர் ஒரு கம்பெனி, நடத்துபவர் இன்னொரு கம்பெனி என்றாகும்போது பொறுப்பு நடுவில் விழுந்துவிடும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

கருத்துகளைச் சரிபார்க்க

1. எழுதியவரின் பெற்றோர் அந்த ஆறு செயல்களில் எத்தனையைத் தானாகச் செய்கிறார் என்று கேட்டு, உங்கள் பெற்றோரின் நிலைக்கு நெருக்கமானவர்களின் கருத்தை மட்டும் எடுங்கள். சேர்ந்து மூன்று மாதம் ஆகாதவரின் கருத்தைத் தனியே வையுங்கள், புகழ்ச்சி என்றாலும் வசை என்றாலும். புது இடத்தின் மினுக்கமும் வீட்டு ஏக்கமும் அடங்க அவ்வளவு காலமாவது ஆகும்.

2. நிலை மாறிய பிறகும் அங்கேயே இருக்கிற ஒருவரின் குடும்பத்தோடு பேசுங்கள். இணையத்து நட்சத்திரக் கருத்துகள் பத்தைவிட இது ஒன்று மதிப்பு.

3. ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் போங்கள். மேனேஜர் இருக்கமாட்டார், ஷிப்ட் மாறும் நேரம், டிமென்ஷியா உள்ளவர்களுக்கு அந்தி சாயும்போது பதற்றம் கூடும். அந்த இடத்தின் உண்மை முகம் அப்போது தெரியும். வராந்தாவில் மூத்திர வாடை ஒரு நாள் அடித்தால் தற்செயல். இரண்டாம் முறையும் அடித்தால் ஆள் போதவில்லை.

4. முதியவர்களிடம் "இங்க நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "ஏதோ இருக்கோம்" என்றுதான் வரும். "நேத்து ராத்திரி என்ன டிஃபன்?", "ராத்திரி எழுந்தா யாரைக் கூப்பிடுவீங்க, அவங்க பேர் என்ன?", "கடைசியா எப்ப வெளில போனீங்க?" என்று கேளுங்கள். அட்டெண்டரின் பெயர் சட்டென்று வந்தால் அது பெரிய நற்சான்று.

5. உங்கள் பெற்றோரின் நிலையில் உள்ள ஒருவரின் போன மாத பில்லை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். விலைப்பட்டியல் காட்டாததை அது காட்டும்.

6. சேருமுன் இரண்டு வாரம் வாடகைக்குத் தங்கவைத்துப் பாருங்கள். வந்த அன்றும் போகும் அன்றும் எடை எடுங்கள்.

7. பாத்ரூமுக்குள் போய்ப் பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளுகதவாக இருக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால், விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். அவசர பெல்லின் கயிறு தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரம் வரை தொங்க வேண்டும், விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டுவதற்காக. பல இடங்களில் துடைக்கும்போது நனைகிறது என்று அதைச் சுருட்டி மேலே டவல் கம்பியில் கட்டி வைத்திருப்பார்கள். அவிழ்த்து இழுத்துவிட்டு, யார், எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள்.